கார்த்திகைக்குப் பின்னும் மழை

2021ஆம் வருடப் பொங்கலை என்னால் மறக்க முடியாது. ஏலகிரி மலையடிவாரத்தில், பொன்னேரிப் பக்கம் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. பொங்கல் சமயத்தில் தோப்புக்குள் நுழைந்தால் பூ வாசம் முகத்தில் அடிக்கும். ஈயும் தேனீயும் ரீங்காரம் போட்டபடி இருக்கும். அந்த வருடம் போகியன்று காலையில் போய்ப் பார்த்தால், மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் இளந்தளிர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பூ இல்லை.

பெரியப்பா ஒரு கிளையை வளைத்து நுனியைக் கிள்ளிப் பார்த்தார். "பூ வுட வேண்டிய மாசத்துல மரம் தழை வுட்டுக்கினு கீதுடா. மார்கழியில இம்மாம் மழை பேஞ்சா அது இன்னா பண்ணும்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் வாங்கிய முன்பணம் அதற்குள் செலவாகி இருந்தது. அந்தக் கவலை எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது வெறும் பழமொழி இல்லை உழவர்களே. இது நம் வேலைத் திட்டம். சம்பா அறுப்பு, களத்தில் நெல் காய்வது, துவரை பூப்பது, மா பூப்பது எல்லாம் கார்த்திகையோடு மழை நின்றுவிடும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. மழை நின்று, வானம் வெளுத்து, பனி இறங்கினால்தான் அடுத்த வேலை நடக்கும். அந்த நம்பிக்கை இப்போது அடிக்கடி பொய்க்கிறது. ஒரு ஊரில் மட்டுமா பொய்க்கிறது, ஒரே மாதிரியாகவா பொய்க்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே குளிர்காலம், ஊருக்கு ஒரு முகம்

முதலில் அந்த 2021 ஜனவரி. தமிழ்நாட்டில் ஜனவரி மாதம் முழுவதுக்கும் சேர்த்துச் சராசரியாகப் பெய்வது 1.2 சென்டிமீட்டர் அளவுதான். அந்த ஜனவரியில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் கொட்டியது. வடகிழக்குப் பருவமழை விலகியதாக வானிலைத் துறை அறிவித்த நாள் ஜனவரி 19. அதாவது பொங்கல் முடிந்து, காணும் பொங்கலும் முடிந்த பிறகு! எங்களுக்குப் பூ போனது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை உழவர்களுக்கு விளைந்த நெல்லே போனது. அறுக்க வேண்டிய சம்பா வயலிலேயே சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. பொங்கல் பானையில் போடப் புது நெல் இல்லாத வீடுகள் எத்தனையோ.

இரண்டு வருடம் கழித்து, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை. தை பாதி கடந்த பிறகு வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி இலங்கையைக் கடந்தது. டெல்டாவில் அறுப்புக்கு நின்ற நெல் மீண்டும் சாய்ந்தது. அறுத்த நெல்லிலும் ஈரம் இறங்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம்தான் வரம்பு. களத்தில் வெயிலே இல்லாதபோது அந்த 17க்கு எங்கே போவது? வரம்பைத் தளர்த்தச் சொல்லி உழவர்கள் கேட்டார்கள், அரசும் டெல்லிக்கு எழுதியது. தளர்வு வருவதற்குள் ஈர நெல் குவியலில் சூடேறியதுதான் மிச்சம்.

அதே 2023ஆம் வருடம் டிசம்பர் 17. அன்று மார்கழி முதல் நாள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அன்று தொடங்கிய மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. நம் மாநிலத்தில் பல ஊர்களுக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழை அது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. குளங்கள் உடைந்தன. வாழையும் நெல்லும் மணலுக்கு அடியில் போயின.

எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை இன்னும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்து மக்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று நாங்கள் இருந்தோம். புயல் மெல்ல நகர்ந்து உள்ளே வந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை! திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் ஊத்தங்கரைக்கு. கடலே பார்க்காத மேட்டுப் பூமி அது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அதே மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளை மூடி 7 உயிர்கள் போயின. மாதம் கார்த்திகைதான், மழைக்காலம்தான். ஆனால் பெய்த இடமும் அளவும் யாரும் எதிர்பாராதவை.

மழை மிஞ்சிய கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது. அந்த வறண்ட பருவத்தின் நடுவில்தான் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தது. ஒரே குளிர்காலத்தில் ஒரு பக்கம் புயல், மறுபக்கம் வறட்சி.

மலைகளில் வேறு முகம். 2019 ஜனவரி முதல் வாரத்தில் மூணாறில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, உறைபனியில் தேயிலைத் தளிர் கருகியது. நீலகிரியில் உறைபனி புதிது இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளை மிலார் செடி போட்டு மூடிவைப்பதும், விடியலில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும் பழைய பழக்கம்தான். ஆனால் வானத்தில் மேகம் தங்கி மழை நீண்டால் உறைபனி தள்ளிப்போகிறது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்ற பழைய கணக்கு அங்கேயும் குழம்புகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு நேர்மையும் வேண்டும். பழமொழி அந்தக் காலத்திலும் பொய்த்திருக்கிறது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 இரவில் வந்தது. அதுவும் மார்கழிதான். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் தங்கள் பாட்டன் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் பூமி சூடாவதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். கடல் சூடாகச் சூடாக மேலே ஏறும் ஆவியும் கூடும். தலைமுறைக்கு ஒருமுறை வந்தது இப்போது நான்கைந்து வருடத்துக்குள் இரண்டு மூன்று முறை வருகிறது என்பதைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம்.

வானம் வெளுத்தால் ஏன் குளிர்கிறது?

எங்கள் பக்கத்துக் குளிரைப் புரிந்துகொள்ள ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரைப் பார்க்கலாம். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள். மழை விலகிய மாதங்களில் வானம் துடைத்த மாதிரி இருப்பதால் நட்சத்திரம் பார்க்க வசதி.

வானம் துடைத்த மாதிரி இருந்தால் உழவனுக்கு என்ன? பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலே போய்விடும். மேகம் இருந்தால் போர்வை மாதிரித் தடுக்கும். மேகம் இல்லாவிட்டால் மண் விறுவிறுவென்று குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. மலைச்சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஏலகிரி உச்சியைவிட, மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல இருக்கும் புங்கனூர் ஏரியோரம் விடியலில் அதிகமாகக் குளிர்கிறது. அதனால்தான் மார்கழி, தையில் சமவெளியின் குறைந்த வெப்பநிலைப் பட்டியலில் திருப்பத்தூர் பெயர் அடிக்கடி வருகிறது. அதனால்தான் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் காலையில் புகையும் பனியும் மேலே ஏறாமல் ஊருக்குள்ளேயே கிடக்கிறது.

மார்கழியில் மழை பெய்தால் இந்த வரிசை முழுக்கக் கெடுகிறது. மேகப் போர்வை இருப்பதால் இரவு குளிர்வதில்லை. மண்ணில் ஈரம் காய்வதில்லை. பகலெல்லாம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது. இரவுக் குளிரும் மண்ணின் காய்ச்சலும் சேர்ந்துதான் மாமரத்தைப் பூக்கச் சொல்கின்றன. இரண்டும் வராவிட்டால் மரம் இன்னும் மழைக்காலம் என்றே நினைத்துத் தழை விடுகிறது. அந்தத் தளிர் முற்றினால்தான் அதன் நுனியில் பூ வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெரியப்பா கிளையைக் கிள்ளிப் பார்த்துச் சொன்னது இதைத்தான்.

பயிருக்கு மூன்று கடிகாரம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பயிர்கள் எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்த்துப் பூப்பதில்லை. மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன.

முதல் கடிகாரம், பகல் நீளம். பகல் சுருங்கும்போது பூக்கும் பயிர்கள் இவை. நாட்டு மொச்சை, நீண்ட காலத் துவரை, நம் பழைய சம்பா நெல் ரகங்களில் பல இந்த வகை. ஏலகிரி மேலே கேழ்வரகோடு மொச்சையைக் கலந்து விதைக்கிறவர்களைக் கேளுங்கள். முன்னே பின்னே விதைத்தாலும் மொச்சை பூப்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். கேழ்வரகை அறுத்த பிறகு பனியைக் குடித்தே மொச்சை காய்க்கும். இந்தக் கடிகாரம் ஒருபோதும் மாறாது. சூரியன் போகும் வழி நம் பாட்டன் காலத்தில் எப்படியோ அப்படியேதான் இன்றும்.

இரண்டாவது கடிகாரம், குளிரும் காய்ச்சலும். மா இதைப் பார்த்துப் பூக்கிறது. மல்லி இதற்கு நேர் எதிர். குளிர் வந்தால் அரும்பு குறைந்து, தை முகூர்த்தத்தில் விலை எங்கேயோ போகும். இந்தக் கடிகாரம்தான் இப்போது தாறுமாறாக ஓடுகிறது.

மூன்றாவது கடிகாரம், நாள் கணக்கு. விதைத்த நாளிலிருந்து இத்தனை நாளில் விளையும் என்று இருப்பவை. குறுகிய கால நெல், உளுந்து, நிலக்கடலை, கேழ்வரகு எல்லாம் இந்த வகை. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது நாம்தான். விதைப்பை நகர்த்தினால் அறுப்பும் நகரும்.

சிக்கல் எங்கே வருகிறது? மாறாத கடிகாரத்தில் ஓடும் பயிர், மாறிப்போன மழையில் மாட்டும்போது. நாட்டு மொச்சை மார்கழியில் பூத்தே தீரும். அந்த நேரம் மழை அடித்தால் பூ கொட்டும். பழைய சம்பா தையில் விளைந்தே தீரும். உயரமான ரகம் வேறு. அந்த நேரம் மழையும் காற்றும் வந்தால் படுத்துவிடும். பாரம்பரிய ரகம் எதையும் தாங்கும் என்று மேடையில் பேசுகிறோம். வறட்சியையும் பூச்சியையும் தாங்குவது உண்மை. அறுப்பு நேரத்து மழையை உயரமான ரகம் தாங்காது என்பதும் உண்மை. அதை மறைத்தால், புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வரும் தம்பி தங்கைகளை நாமே ஏமாற்றுகிறோம்.

காஷ்மீரிலும் பிரான்சிலும் இதே கதை

இது நம் ஊர்க் கவலை மட்டும் இல்லை. காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாளைச் சில்லாய் கலான் என்பார்கள். கொட்டும் பனியோடு கூடிய கடுங்குளிர்க் காலம் அது. 2024 ஜனவரியில் மாதம் முடியப்போகும் வரை குல்மார்க் மலைச்சரிவில் பனியே இல்லாமல் மண் தெரிந்தது. சுற்றுலா போனவர்களுக்கு ஏமாற்றம். ஆப்பிள் உழவர்களுக்கோ பயம். ஆப்பிளில் பல ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்தை ஒட்டிய குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பூ ஒழுங்காக வராது. நம் மாமரத்துக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபில் கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் குளிர் வேண்டும். 2022 மார்ச்சில் பகல் வெப்பம் 1901க்குப் பிறகு எந்த மார்ச்சிலும் இல்லாத அளவுக்கு ஏறியது. மணி சுருங்கி, விளைச்சல் குறைந்து, மே மாதம் கோதுமை ஏற்றுமதியையே அரசு நிறுத்தியது. மறு வருடம் 2023 பிப்ரவரியும் அப்படித்தான், பகல் வெப்பத்தில் 1901க்குப் பிறகு முதலிடம்.

பிரான்சில் 2021 மார்ச் கடைசியில் கோடை மாதிரி வெயில். திராட்சைக் கொடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு அவிழ்த்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. இரவெல்லாம் தோட்டத்தில் தீச்சட்டிகளை வரிசையாக ஏற்றி வைத்துக் காவல் காத்தார்கள். அப்படியும் ஏராளமான மொட்டுகள் கருகின. குளிர்ந்த நாட்டுக்காரனுக்கு உறைபனி, நமக்கு மழை. நோய் ஒன்றுதான். பயிரை எழுப்பும் சேவல் தப்பான நேரத்தில் கூவுகிறது.

கெடுத்த மழைதான் கொடுத்ததும்

மழையைத் திட்டிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. காரணம் பாலாறு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் தொழில் இருக்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீரின் ருசி எப்படி என்று சொல்லத் தேவையில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உப்பு ஏறிய மண்ணுக்கு மழையைத் தவிர மருந்து குறைவு. நல்ல மழை ஊறி இறங்கினால்தான் உப்பு வேருக்குக் கீழே போகும்.

2021 நவம்பரில், கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அந்தத் துக்கம் இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. ஆனால் மணலைத் தவிர எதையும் காணாத ஆற்றில் தண்ணீரைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் கரையில் நின்றதும் அதே மழையில்தான். எங்கள் கிணற்றில் வருடக்கணக்கில் தெரிந்த அடிப்பாறை மறைந்தது. ஒரே மழை ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுக்கிறது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் வகையில் பண்ணை இருக்கிறதா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி.

தோப்பில் நாங்கள் கற்றது

2021 தையில் தளிர்விட்ட தோப்பில் மாசிக் கடைசியில் அங்கும் இங்குமாகக் கொஞ்சம் பூ வந்தது. வழக்கமான காயில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்தப் புரட்டாசியில் குத்தகைக்காரர் வந்தார். "வேர்ல மருந்து ஊத்திடலாங்க. மழை வந்தாலும் பூ நிச்சயம்" என்றார். அவர் சொன்னது பேக்லோபியூட்ரசால். மரத்தின் வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் ரசாயனம். மண்ணில் நீண்ட நாள் தங்கும். அளவு மீறினால் கிளைகள் குட்டையாகி மரம் சோரும். இயற்கை வேளாண்மையில் அதற்கு இடமே இல்லை. பெரியப்பா முடியாது என்றார். குத்தகை குறைந்தது. வீட்டில் பேச்சும் வாங்கினோம். பஞ்சகவ்யம் அடித்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். பஞ்சகவ்யம் நல்லதுதான், ஆனால் மார்கழி மழையைத் திருப்பி அனுப்பும் சக்தி அதற்கு இல்லை. வழியை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

நாங்கள் இப்போது செய்வது இவ்வளவுதான்:

அறுவடை முடிந்த ஆடியிலேயே காய்ந்த கிளையை வெட்டி, நடுவில் வெளிச்சம் விழும்படி மரத்தைத் திறந்துவிடுகிறோம். எரு, மண்புழு உரம் எல்லாம் அப்போதே போட்டு முடித்துவிடுகிறோம். முன்பே தளிர்த்து முற்றிய கிளைதான் குளிர் கொஞ்சமே வந்தாலும் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எரு போடுவது தளிரைக் கூப்பிடுவது மாதிரி.

ஐப்பசிக்குப் பிறகு பாத்தியில் தண்ணீர் தேங்க விடுவதில்லை. சரிவைப் பார்த்து வாய்க்கால் எடுத்து, தோப்பின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டினோம். தோப்புக்கு வேண்டாத மழை அங்கே சேர்ந்து கிணற்றுக்குப் போகிறது. மேலே சொன்ன "வாங்கிக்கொள்வது" இதுதான்.

பூ வந்த பின் மப்பு போட்டால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் சேர்ந்தே வரும். பூ விரிவதற்கு முன் வேப்பங்கொட்டைக் கரைசல், புளித்த மோர். பூ விரிந்த பிறகு எதையும் அடிப்பதில்லை. காய் பிடிக்க வைக்கும் ஈயும் தேனீயும் போய்விட்டால் பூ இருந்தும் பயன் இல்லை.

ஒரே ரகத்தை நம்புவதில்லை. பெங்களூரா மட்டுமே இருந்த தோப்பில் செத்த மரங்களுக்குப் பதிலாக நீலமும் பங்கனப்பள்ளியும் செந்தூராவும் வைத்தோம். ஒன்று தவறினால் ஒன்று பூக்கும். 2025இல் பெங்களூரா விளைந்தும் விலை இல்லாமல் கிருஷ்ணகிரி உழவர்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்தோமே, அதற்கும் இதுதான் பதில்.

வயலில் நீங்கள் செய்யக்கூடியது

நெல் போடுகிறவர்கள் நிலம் முழுக்க ஒரே ரகம் போடாதீர்கள். பகல் நீளத்தைப் பார்க்கும் பழைய சம்பா ஒரு பங்கு, நாள் கணக்கில் விளையும் ரகம் ஒரு பங்கு என்று பிரித்து, அறுப்பு ஒரே வாரத்தில் விழாமல் பாருங்கள். உயரமான ரகத்தை மேட்டு வயலில் போடுங்கள். நெருக்கி நடாமல் இடைவெளி விட்டு நட்டால் தூர் பருத்து நிற்கும். தழைச்சத்து மிஞ்சினால் இயற்கை உரத்திலும் பயிர் சாயும். சாய்ந்த பயிரை நாலைந்து குத்தாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினால் கதிர் தண்ணீரில் படாது. ஆள் கூலி பிடிக்கும், ஆனால் விதை நெல்லுக்கான பாத்தியையாவது அப்படிக் காப்பாற்றுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அறுத்துக் களத்தில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தாலும் காப்பீட்டில் இடம் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எப்போதும் கொள்ளும் பச்சைப்பயறும் எள்ளும் பலதானிய விதையும் இருக்கட்டும். தை மழையில் ஒன்று போனால், அதே ஈரத்தில் இன்னொன்று விதைக்கலாம். கொள்ளுக்குப் பனி போதும். மழை வந்த பிறகு விதை தேடி டவுனுக்கு ஓடினால் ஈரம் காய்ந்துவிடும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய பயிருக்கு நிவாரணம் தர 33 விழுக்காடு சேதம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதிகாரி வந்து வயலைப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். பூக்காத மரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பச்சைப்பசேல் என்று தளிர்விட்டு நிற்கும் தோப்பைப் பார்த்து, இங்கே சேதம் என்று எந்த அதிகாரி எழுதுவார்? இந்த மாதிரிச் சத்தமில்லாத இழப்புக்கும் அளவுகோல் வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள்

கேட்பதற்குச் சான்று வேண்டும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் எந்தத் தேதியில் முழுதாகப் பூத்தன என்று கி.பி. 812 முதலே குறிப்புகள் கிடைக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில் பூ பார்த்த நாளை எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் 2021 மார்ச் 26இல் மரம் பூத்தபோது, 1,200 வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. வானிலை மாறுகிறது என்று நாம் வாயால் சொல்கிறோம், அவர்கள் ஏட்டைக் காட்டிச் சொல்கிறார்கள்.

நாமும் எழுதலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மழை பெய்த நாளும் அளவும். அளக்க ஒரு மழைமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும். முதல் பனி விழுந்த நாள். மா முதல் பூ விட்ட நாள், ரகவாரியாக. மொச்சை பூத்த நாள். முதல் தத்துப்பூச்சி கண்ட நாள். தினம் ஒரு வரி. நிலாவூரில் ஒருவர், ஆலங்காயத்தில் ஒருவர், குடியாத்தத்தில் ஒருவர், டெல்டாவில் ஒருவர் என்று பத்து வருடம் எழுதினால், நம் பிள்ளைகளுக்குப் புதுப் பழமொழியே கிடைத்துவிடும்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எனக்கு எழுத வராதுடா. நான் சொல்றேன், நீ எழுது" என்றார். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் சொல்லி நான் எழுதிய வரி இது: "மார்கழி 5. ராத்திரி மழை. விடியலில் பனி இல்லை. நீலம் நாலு மரத்தில் பூ. பெங்களூரா இன்னும் இல்லை."

உங்கள் தோப்பில் எப்படி?